அமுக்கி எடுத்த அளவு

மூன்றாவது பல்செட்டும் எழும்பிக்கொண்டு வந்தபோது டெய்லரம்மா அதை வாயிலிருந்து எடுத்து டாக்டரின் மேஜைமேல் டக்கென்று வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகலாம் என்றால் அதற்கும் பல் வேண்டுமே.

"பழகணும்மா. வயசான ஈறு, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் பல் டாக்டர்.

"எனக்குக் கொஞ்ச நாளெல்லாம் இல்ல டாக்டர். பன்னிரண்டு நாள்தான் இருக்கு."

பன்னிரண்டாம் நாள் விசாரணை. சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருந்த பதினோரு தையல்காரிகளையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அவர்களுக்காகப் பேசப் போனவள் இவள்தான். போன தடவை அதிகாரி முன்னால் நின்று இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் கீழ்ப்பல்செட்டு நழுவி நாக்கின்மேல் ஏறிக்கொண்டது. அதிகாரி சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "பாவம், உட்காருங்கம்மா" என்று சொல்லி, விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டார். அந்தப் 'பாவ'த்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

துணைக்கு வந்திருந்த தம்பி கையைப் பிசைந்தான். "விடுக்கா. நீ எழுதிக் குடு, நான் படிச்சிடுறேன்."

"நீயா? அந்த அதிகாரி தும்முனாலே நீ மன்னிப்புக் கேப்ப."

மேஜை ஓரத்தில், அளவெடுத்து வார்த்திருந்த அவளுடைய ஈறின் மாவு அச்சு இருந்தது. யாரையும் கேட்காமல் எடுத்தாள். விரலால் அச்சைத் தடவிக்கொண்டே நாக்கால் தன் ஈறையும் தடவிப் பார்த்தாள். வாயில் முன்பக்கத்து ஈறு கொழகொழவென்று நிமிர்ந்து நின்றது. உதடு பட்டாலே ஆடியது. அச்சிலோ அதே இடம் சப்பையாகப் படுத்துக் கிடந்தது.

"இது என் ஈறு இல்ல."

"உங்க வாயிலேர்ந்துதாம்மா எடுத்தேன்."

"அமுக்கி எடுத்தீங்க. கெட்டிப் பசைய வச்சு ரெண்டு கட்டைவிரலாலயும் அழுத்துனீங்க. நான் அசைஞ்சா அதட்டுனீங்க. பனியன் துணிய இழுத்துப் பிடிச்சு அளந்து வெட்டுனா என்ன ஆகும்? கைய விட்டதும் சுருங்கிடும், அளவு போச்சு. என் ஈறும் நீங்க கைய எடுத்ததும் எழும்பிடுச்சு. இப்ப உங்க பல்லைத் தூக்கித் தள்ளுது. மூணு தடவையும் இதே கூத்துதான்."

"நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"டாக்டர் நீங்கதான். வாய் என்னோடது."

தப்பித்துப் போகத் தரையில் ஏதாவது கதவு இருக்கிறதா என்று தம்பி தேடினான். டாக்டருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். அவள் வாயில் விரலை விட்டு முன் ஈறை ஆட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு அச்செடுக்கும் தட்டில் அந்த இடத்துக்கு நேராக, பசை ஈறை அமுக்காமல் வெளியே வழியத் துளை போட ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்க வராதவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

இந்த முறை அவர் குழைத்த பசை கரண்டியிலிருந்து வழிந்தது. "இது தானாவே ஓடி இடம் பிடிச்சுக்கும், நான் அமுக்க மாட்டேன். இறுகி ரப்பராக மூணு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும்..." கொஞ்சம் தயங்கினார். "பேசுங்க."

"என்ன பேச?"

"அங்க போய் என்ன பேசப்போறீங்களோ, அதையே பேசுங்க."

தட்டை வாயில் வைத்துக்கொண்டே அவள் பேசினாள். ஒரு வார்த்தையும் வார்த்தையாக வரவில்லை. கோபம் மட்டும் தெளிவாக வந்தது. கன்னமும் உதடும் நாக்கும் தங்கள் போக்கில் புரண்டன; பசை அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

அக்கா படும் பாட்டைப் பார்த்துத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "எடுத்துடலாமே டாக்டர்?"

"அரைகுறையா இறுகினப்ப எடுத்தா இழுபட்டுடும். மெதுவா எடுத்தாலும் இழுபட்டுடும். இழுபட்டது அப்புறம் பழைய அளவுக்குத் திரும்பாது" என்றார். மூன்று நிமிடம் முடிந்ததும் ஒரே இழுப்பில் வெடுக்கென்று பிடுங்கினார். தாடையே கையோடு போய்விட்டதென்று நினைத்தாள்.

விசாரணை அன்று புதுப் பல்செட்டோடு வந்த அவளைப் பார்த்ததும் அதிகாரி நாற்காலியைக் காட்டினார். "உட்கார்ந்தே சொல்லுங்கம்மா, சிரமப்படாதீங்க."

அவள் நின்றுகொண்டே தொடங்கினாள். முதல் மெஷின்காரி அந்தப் படிக்கட்டுக்கு அடியில் பத்தொன்பது வருடமாகத் தைக்கிறாள். அந்த வருமானத்தில்தான் படுத்த படுக்கையாக இருக்கும் புருஷனுக்கு மருந்து வாங்குகிறாள். எங்கே போகச் சொல்கிறீர்கள் என்பதற்கு உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. கீழ்ப்பல் இம்மியும் நகரவில்லை. அவள் குரல் கடைசி பெஞ்சு வரை போனது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "புரியுதும்மா. சுருக்கமா முடிச்சுக்குங்க."

"முடிக்க மாட்டேன் சார்" என்றாள். "பதினோரு பேருக்காக வந்திருக்கேன். இப்பத்தான் ரெண்டாவது ஆள்கிட்ட வர்றேன்."