ரெண்டு பேர் உட்கார்ற படகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாய்க்குள் பசை இருந்தபோது கிடைத்தது.

கடைவாய்ப் பல் ஒன்று போய்விட்டது. புதுப் பல்லுக்கு அச்சு எடுக்க, டாக்டர் ஒரு தட்டு நிறைய இளஞ்சிவப்புப் பசையை வாயில் திணித்து, "அஞ்சு நிமிஷம் கடிச்சுக்கிட்டே இருங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு எங்கேயோ போய்விட்டார். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே பல்செட் செய்கிற அம்மா ஒருவர், காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் மெழுகைச் சீவியபடி பேசிக்கொண்டிருந்தார்.

"படகு சங்கம்தானே? துடுப்பு போடுற படகுங்க. ரெண்டு பேர் உட்கார்றது இருக்கா? இல்லங்க, போட்டிக்கெல்லாம் இல்ல. சும்மா ஏரியில ஒரு சுத்து. இல்லங்க, தனித்தனியா வேணாம். தனித்தனியா வேணாம்னு சொல்றேன்ல!"

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. யாரோடு போகப் போகிறீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. நாக்கோ பசைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஆகவே இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த அம்மா படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் ஆரம்பம்: "கணவனும் மனைவியும் ஏரிக்கரைக்கு வந்தபோது பனி மெல்ல விலகி—"

விட்டுவிட்டேன். கணவன் மனைவி என்று எழுதியதுமே இருவரும் கைகோத்துக்கொண்டு சினிமா போஸ்டர் மாதிரி நின்றுவிட்டார்கள். இடத்தை விட்டு அசையவில்லை.

இரண்டாவது ஆரம்பம்: "அம்மாவும் மகளும் பேசி மூன்று வருஷம்—"

மகள் இரண்டாவது வரியிலேயே அம்மாவுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தாள். வெளியே அனுப்பினேன்.

மூன்றாவதாக வந்தவர் அண்ணி. நான் கூப்பிடவே இல்லை. வந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார், "ஆரம்பிங்க" என்றார்.

3

பல்செட் செய்கிறவளுக்கு ஐம்பத்து நாலு வயது. வீட்டில் பெயர் வாண்டு.*

அண்ணன், அண்ணி, வாண்டு மூவரும் ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் இருந்தார்கள். அண்ணிக்குத் தபால் பிரிக்கும் வேலை. போன வருஷம் ஓய்வு பெற்றார். பதினொரு மாதத்துக்கு முன் அண்ணன் செத்துப்போனார். (இந்த வாக்கியத்தை "காலமானார்", "மறைந்தார்" என்றெல்லாம் மாற்றிப் பார்த்தேன். வாண்டுவுக்குப் பிடிக்கவில்லை. செத்துத்தானே போனான், அதைச் சொல்லேன் என்கிறாள்.) அதற்கப்புறம் நாத்தனாரும் அண்ணியும் மட்டும். சண்டை கிடையாது. "சாப்டியா", "கதவைப் பூட்டிட்டீங்களா", அவ்வளவுதான் பேச்சு.

இப்போது அண்ணியின் அக்கா வேறு ஊரிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். மாடி அறை காலியாக இருக்கிறதாம், இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடு என்கிறார். அண்ணி பரண் மேலிருந்த பெட்டியை இறக்கிக் கூடத்தில் திறந்து வைத்துவிட்டார். தினமும் ஒரு சாமான் அதற்குள் போகிறது. வாண்டு வேலையிலிருந்து வந்ததும், பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் தன் அறைக்குப் போக வேண்டும்.

"போகாதீங்க அண்ணி." இரண்டே வார்த்தை. அவளால் சொல்ல முடியவில்லை. நான் யார் சொல்ல, என்ன உரிமை, அண்ணனே இல்லை, அப்புறம் என்ன அண்ணி, என்ன நாத்தனார் என்று அவளே வழக்குப் போட்டு அவளே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறாள்.

* உயரம் குறைவு என்று அண்ணன் வைத்த பெயர். அகலத்தில் அந்தப் பெயர் எப்போதோ செல்லாததாகிவிட்டது.

4

ஏன் படகு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

வாண்டு எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டாள். நடக்கப் போனால் அண்ணி விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். சினிமாவுக்குப் போனால் தூங்கிவிடுவார். வீட்டில் பேச உட்கார்ந்தால், "இரு, அடுப்புல ஏதோ இருக்கு" என்று எழுந்துவிடுவார். நடுவில் எழுந்து போக முடியாத இடம் ஒன்று வேண்டும். நடு ஏரியில் எந்த அடுப்பு இருக்கிறது?

மூன்று சங்கங்களுக்குப் போன் போட்டாள். முதல் சங்கத்தில் வயதைக் கேட்டுவிட்டு, "நாங்க போட்டிக்குத்தான் பயிற்சி தர்றோம், மேடம்" என்றார்கள். இரண்டாவது சங்கத்தில் உடுத்திய துணியோடு ஐம்பது மீட்டர் நீந்திக் காட்டச் சொன்னார்கள். வாண்டு நீந்துவாள். அண்ணி குளியலறையிலேயே மெதுவாகக் கால் வைக்கிற ஆள். மூன்றாவது சங்கம் ஒரு தகரக் கொட்டகை. அதன் செயலாளர் ஒரு முன்னாள் பூகோள வாத்தியார். மிதவைச் சட்டை போட்டால் போதும், ஆழம் குறைந்த பக்கத்திலேயே ஓட்டலாம் என்றார்.

"அண்ணி, சனிக்கிழமை படகு விடப் போலாமா?"

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்னமோ ஆயிடுச்சு. சரி, போற வரைக்கும் வர்றேன்."

போற வரைக்கும். அந்த வார்த்தை வாண்டுவுக்கு நெஞ்சில் குத்தியது.

5

கொட்டகைக்குள் படகுகள் அடுக்கடுக்காகக் கவிழ்ந்து கிடந்தன. வாண்டு நேராக ஒரு நீளமான, ஒல்லியான, பளபளப்பான படகிடம் போய்த் தடவிப் பார்த்தாள்.

"அது போட்டிப் படகுங்க," என்றார் வாத்தியார். "கண்ணுக்கு அழகு. தும்மினாக் கவிழ்ந்துடும். பொழுதுபோக்குக்குன்னா நீளம் குறைவா, வயிறு அகலமா இருக்கணும். முதல்ல ஆளுக்கு ஒரு ஒத்தைப் படகு எடுத்துக்குங்க, சீக்கிரம் பழகிடும்."

"எத்தனை நாளானாலும் பரவால்ல. ரெட்டைப் படகே குடுங்க."

வாத்தியார் படிவம் நீட்டினார். ஆள் எடையைப் பார்த்துத்தான் படகு தருவார்களாம்.

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிவம் என்று வந்தால் எல்லாருக்கும் அண்ணன்தான் நிரப்புவார். தன்னைப் பற்றித் தானே எழுதுவது இருவருக்கும் பழக்கமில்லாத கூச்சம். அதனால் அண்ணியின் படிவத்தை வாண்டு எடுத்துக்கொண்டாள், வாண்டுவின் படிவத்தை அண்ணி. எடை என்ற கட்டம் வந்ததும் இரண்டு பேனாவும் நின்றன. எதிராளி மனசு நோகக் கூடாது. வாண்டு பத்து கிலோவைக் குறைத்தாள். அண்ணி தாராளமாகப் பதிமூன்று குறைத்தார்.

வாத்தியார் கூட்டிப் பார்த்து, ஒல்லியானவர்களுக்கான சின்ன ரெட்டைப் படகைத் தள்ளிவிட்டார்.

பத்து மீட்டர் போயிருப்பார்கள். படகின் விளிம்பும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்தன. சின்னதாக ஒரு அலை, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. அடுத்தது கேட்காமலேயே வந்தது.

"ஏய் வாண்டு, என் காலெல்லாம் தண்ணிடி!"

"எனக்கு இடுப்பு வரைக்கும் வந்தாச்சு, அண்ணி!"

வாத்தியார் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். படிவத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். போய் எடைமேடையைக் கொண்டுவந்து வைத்தார்.

குட்டு வெளிப்பட்டது. "அறுபத்தி ரெண்டா? அது என் கல்யாணத்தன்னிக்கு இருந்த எடைடி!" என்றார் அண்ணி. "நீங்க மட்டும் என்னவாம்? எனக்கு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க. என் ஒரு கால் இருக்கும் அம்பத்தெட்டு!" அண்ணி ஈரப் புடவையோடு படித்துறையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினொரு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகையாக வந்தது.

6

இங்கேயே முடித்துவிடலாமா என்று ஆசையாக இருந்தது. ஆனால் கூடத்தில் பெட்டி திறந்தே கிடக்கிறது. சிரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் அண்ணி அதற்குள் ஒரு கம்பளியை மடித்து வைத்தார். ஆக, முடிவு தேட வேண்டியதாயிற்று.

(அ) அண்ணி மனம் மாறிப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றுகிறார். எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஏன் மாறினார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

(ஆ) அண்ணி போய்விடுகிறார். வாண்டு ஒத்தைப் படகில் தனியாக— நானே அழுதுவிட்டேன். என் அழுகையை நம்பி ஒரு பொம்பளையைத் தனியாக விட முடியுமா? கிழித்துப் போட்டேன்.

(இ) படகு கவிழ்கிறது. சீச்சீ. அந்தப் பக்கம் ஆழமே நாலடி.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒன்றில்கூட வாண்டு வாயைத் திறக்கவில்லை. போவதா இருப்பதா என்று அண்ணி முடிவு செய்ய வேண்டும் என்றே நான் எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணியை இருங்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. வேண்டாதவர்களா கூப்பிட்டார்கள், அக்காதானே கூப்பிட்டாள் என்று அவர் பெட்டி கட்டுகிறார். அவர் நிலைமையில் நானாக இருந்தாலும் கட்டுவேன்.

வாண்டுவிடம் சொன்னேன். "நீயே எழுதேன், நான் சொன்னதா" என்றாள். முடியாது என்றேன். எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் பேச்சில்லை.

7

அடுத்த சனிக்கிழமை. மாதம் முடிய நாலு நாள்.

வாத்தியார் இந்தத் தடவை வயிறு அகலமான, கனமான ரெட்டைப் படகைத் தயாராக வைத்திருந்தார். கரையைப் பார்த்தபடி உட்கார்ந்து, முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். கரைக்குப் பக்கமாக அண்ணி. அவர் போடுகிற வேகத்துக்குத்தான் படகு போகும். அவருக்குப் பின்னால் வாண்டு. அண்ணி முதுகைப் பார்த்து அதே மாதிரி துடுப்பை இழுக்க வேண்டும், அவ்வப்போது திரும்பி வழி பார்க்க வேண்டும்.

"முதுகு வளைஞ்சா நீங்களும் வளைங்க, நிமிர்ந்தா நிமிருங்க," என்றார் வாத்தியார். "அவ்ளோதாங்க வித்தை."

படகு குலுங்காமல் போயிற்று. அண்ணியின் முதுகு வளைந்தது, வாண்டு வளைந்தாள். முதுகு நிமிர்ந்தது, வாண்டு நிமிர்ந்தாள். அண்ணியின் ரவிக்கைக் கழுத்தில் வியர்வை பூத்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் இந்த முதுகை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று வாண்டு நினைத்தாள். முகம் தெரியாததால்தானோ என்னவோ, வாய் தானாகத் திறந்தது.

"அண்ணி."

"ம்."

"போகாதீங்க."

துடுப்புகள் நின்றன. முதலில் அண்ணியுடையது, அப்புறம் வாண்டுவுடையது.

"அண்ணன் இல்லன்னா என்ன? எனக்கு நீங்க வேணும் அண்ணி. வீட்டுக்கு இல்ல, துணைக்கு இல்ல. எனக்கு. இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் இந்தப் படகு, கிடகு எல்லாம்."

அண்ணி திரும்பவில்லை. திரும்பினால் படகு ஆடும். வாண்டுவுக்கு முதுகுதான் தெரிகிறது. நான் வாண்டுவுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அதுவும் பாதிதான் தெரிகிறது. தோள் ஒரு தரம் ஏறி இறங்கியது. சிரிப்பா, அழுகையா, சும்மா மூச்சா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். நாங்கள் உங்களைப் பார்த்தபடிதான் போய்க்கொண்டிருந்தோம். அண்ணியின் முகம் உங்களுக்கு நேராக இருக்கிறது. இதோ, உதடு அசைகிறது. எங்கள் பக்கம் காற்று எதிராக அடிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

வாண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அண்ணி என்ன சொல்கிறார்?