வெர்னா கையைக் காட்டவில்லை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. நெவாடாவின் எல்கோ ஊரில் ஒரு காசினோவின் ஊழியர் ஓய்வறையில், காபி மெஷினுக்குப் பக்கத்தில், யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டேன். (இது பொய். ஐந்தாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை நம்பிவையுங்கள், உங்களுக்கு என்ன நஷ்டம்?)

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"நெவாடாப் பாலைவனத்தில் சூரியன் ரத்தச் சிவப்பாக..." வேண்டாம். காசினோவுக்கு ஜன்னலே கிடையாது.

"வாழ்க்கை என்பது ஒரு சீட்டுக்கட்டு..." இதை எழுதிய கையை ஒடிக்க வேண்டும்.

"வெர்னா ஹாஸ்கின்ஸ் காலை பதினொரு மணிக்கு மூன்று சீட்டு போக்கர் மேஜையைத் திறந்தாள்." இது தேவலை. இதில் அழகு என்று ஒன்றும் இல்லை, அதனால் நிஜம் போலிருக்கிறது.

2.

ஆட்டத்தின் விதியைச் சொல்லாமல் கதை நகராது. கொட்டாவி வருகிறவர்கள் தாராளமாக மூன்றாம் பகுதிக்குப் போகலாம். அங்கே ஒன்றும் புரியவில்லை என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது.

நீங்கள் ஒரு பந்தயம் வைக்கிறீர்கள். உங்களுக்கு மூன்று சீட்டு, காசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலருக்கு மூன்று சீட்டு. உங்களுடையதை மட்டும் பார்க்கலாம். பிடிக்கவில்லையா? கவிழ்த்துப் போடுங்கள், வைத்த பணம் போச்சு. பிடித்திருக்கிறதா? அதே அளவு இன்னொரு பந்தயம் வையுங்கள். பிறகு டீலர் திறப்பாள். அவளிடம் ஒரு ராணியாவது, அல்லது அதைவிடப் பெரியதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் ஆடவே தகுதியில்லாதவள். உங்கள் முதல் பந்தயத்துக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், இரண்டாவது சும்மா திரும்பி வரும். அவளுக்குத் தகுதி இருந்தால் யார் சீட்டு பெரியதோ அவருக்கு ஜெயம். பத்துக்கு ஏழு தடவை டீலர் தகுதி பெற்றுவிடுவாள். வாழ்க்கையில் இந்த விகிதம் எவ்வளவோ மோசம் என்பதை ஒரு மணவாழ்க்கை நடத்தியவர்கள் அறிவார்கள்.

எப்படி ஆடுவது? தடித் தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வரிதான்: ராணி, ஆறு, நாலு. அதுவோ அதைவிட நல்லதோ வந்தால் போடு, குறைந்தால் கவிழ்த்துவிடு.

இதில் ஒரு விஷமம் இருக்கிறது. ராணி-ஆறு-நாலை வைத்துக்கொண்டு ஜெயிப்பாய் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. பெரும்பாலும் தோற்பாய். ஆனால் எழுந்து போனால் எவ்வளவு தோற்பாயோ, உட்கார்ந்து ஆடினால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தோற்பாய். நூறு டாலருக்கு ஒரு டாலர்கூட மிஞ்சாது, சில்லறைதான். அந்தச் சில்லறைக்காகத்தான் இரண்டாவது பந்தயம்.

இவ்வளவு சரியாக ஆடினாலும் முதல் பந்தயத்தில் நூறுக்கு மூன்று டாலர் சொச்சம் காசினோவுக்குத்தான். அந்த மூன்று டாலரில்தான் கம்பளம், விளக்கு, என் சம்பளம்... வெர்னாவின் சம்பளம் என்று திருத்தி வாசிக்கவும்.

3.

அன்று மேஜையில் எச்செவெரி கிழவர் மட்டும்தான். ஸ்பெயின் மலைப்பக்கத்துப் பாஸ்க் ஆள், எழுபத்தெட்டு வயது, ஐம்பது வருஷம் ஆடு மேய்த்தவர். தன் சீட்டைப் பார்க்கவே மாட்டார். பார்க்காமலேயே இரண்டாவது பந்தயத்தையும் தள்ளிவிடுவார்.

"கண்ணு, இன்னைக்காவது நல்ல சீட்டா போடு."

"நல்லதா கெட்டதான்னு நீங்க எங்க பாக்குறீங்க?"

"பாத்தா மனசு கெட்டுப்போயிடும்."

அப்போது மூன்றாவது நாற்காலியில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். நூறு டாலர் நோட்டை மேஜையில் விரித்தான். வெர்னா முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் தன் வேலையைச் செய்தது.

"நூறு மாத்தறேன்," என்று சத்தமாகச் சொன்னாள், பின்னால் நிற்கும் சூப்பர்வைசருக்குக் கேட்க. சில்லுகளை எண்ணித் தள்ளிவிட்டு, தாழ்ந்த குரலில், "எந்திரிச்சுப் போ, டாயில்" என்றாள்.

டாயில் ஹாஸ்கின்ஸ். அவள் கணவன். அலாஸ்காவில் இரண்டு வார கான்ட்ராக்ட் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவன். அந்த இரண்டு வாரம் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. விவாகரத்து இல்லை, அதற்கும் யாராவது ஒருவர் எழுந்து போய் மனுக் கொடுக்க வேண்டுமே.

"எப்படி இருக்கேன்னுகூட கேக்க மாட்டியா?"

"ரெண்டு வாரம்னு சொல்லிட்டுப் போனவன்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

"நீதான் பஸ் ஸ்டாண்டுல கையக் கழுவிட்டியே. நான் ஏறி உக்காந்ததும் தட்டின, விரிச்சுக் காட்டின. உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு."

வெர்னாவின் கை சீட்டைக் கலைக்கிற மெஷின் மேல் அப்படியே நின்றது.*

"அடப்பாவி! அது பழக்கம்டா! உன் பெட்டியத் தூக்கி வச்சேன், வேலை முடிஞ்சுது, கை தானா தட்டிருச்சு. பாத்ரூம்லருந்து வந்தாக்கூட தட்டிக் காட்டறேன் நான்!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருக்கலாம்ல? போன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான். அலாஸ்கா வரைக்கும் போகுது அது."

"சீட்டு வருமா?" என்றார் எச்செவெரி. "இல்ல நான் மறுபடி ஆடு மேய்க்கப் போகட்டுமா?"

* மேஜையை விட்டு விலகும் டீலர் இரண்டு கையையும் தட்டி, விரல் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, கூரைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு. பஸ் ஸ்டாண்டு நாளில் வெர்னா வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் இது முற்றிய வியாதி. தன் அக்காளின் சவப்பெட்டியில் பூவை வைத்துவிட்டுக்கூடத் தட்டிக் காட்டியிருக்கிறாள். பாதிரியார் ஒரு மாதிரி பார்த்தாராம்.

4.

டாயிலை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் வரைவில் அவனை அயோக்கியனாக்கி ஒரு தங்கப் பல்லும் கொடுத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். இரண்டாவதில் நல்லவனாக்கினேன், அப்போது எனக்கே அவனைப் பிடிக்காமல் போயிற்று. கையைத் தட்டியதை அவன் நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டானா, ஓடிப்போக ஒரு சாக்குத் தேடியவனுக்கு அது வாகாகக் கிடைத்ததா? பதினோரு வருஷம் தாங்குகிற தப்பபிப்பிராயம் எந்தக் கடையில் விற்கிறது? ஆனால்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவன் சில்லுகளைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.)

டாயில் முதல் பந்தயத்துக்கு ஒரு சில்லு வைத்ததும் வெர்னா சீட்டைப் போட்டாள். டாயில் தன் மூன்று சீட்டைத் தொடவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து, இரண்டாவது பந்தயம் வைக்கிற வட்டத்தில் வைத்தான். எல்கோ வீட்டின் வாசல் சாவி. பதினோரு வருஷம் தேய்ந்து பளபளத்தது.

"பூட்டை மாத்திட்டியா, வெர்னா?"

"சாவியெல்லாம் பந்தயமாகாது. எடு."

"மாத்திட்டியான்னு கேட்டேன்."

அவள் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் நினைப்பாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பூட்டுக்காரன் விலை ஜாஸ்தி சொல்கிறான் என்று தனக்குத்தானே கதை விடுவாள்.

5.

ஓய்வறையில் ஒட்டுக்கேட்டேன் என்றேனே, இல்லை. அந்தச் சூப்பர்வைசர் நான்தான். வெர்னாவுக்கு மூன்றடி பின்னால், கழுத்தில் டை கட்டி, முகத்தில் ஒன்றும் தெரியாதவன் போல நின்றிருந்தேன். அந்த முகத்துக்குத்தான் பத்தொன்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்.

விதி இது: டீலர் தன் சொந்தக்காரருக்குச் சீட்டுப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் கேட்க வேண்டும். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வெர்னாவின் லாக்கர் கதவின் உட்புறம் அவன் போட்டோ ஒட்டியிருந்தது, நானே பார்த்திருக்கிறேன். பேசாமல் போய் அவன் தோளைத் தட்டி வெளியே அனுப்பியிருக்கலாம். அல்லது எதையும் கவனிக்காதது போலத் திரும்பி நின்றிருக்கலாம். இரண்டுக்கும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். நான் கேள்வி கேட்டேன்.

"வெர்னா, இவர் உனக்கு உறவா?"

எவ்வளவு அழகான கேள்வி பாருங்கள். ஆமாம் என்றால் அவன் புருஷன், உடனே எழுந்து போக வேண்டும். இல்லை என்றால் அவன் யாரோ, சாயங்காலம் வரை எதிரிலேயே உட்காரலாம்.

முடிவு அ: "ஆமா, என் வீட்டுக்காரர்" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். (எழுதி முடித்ததும் வாயெல்லாம் சர்க்கரைப் பாகு.)

முடிவு ஆ: "யாருன்னே தெரியாது." சீட்டு தொடர்ந்தது. (இதற்குப் பரிசு கிடைக்கும். ஆனால் பொய்.)

நடந்தது இது. வெர்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"உனக்குத் தெரியாதா, குணா?" என்றாள். பிறகு, "எனக்கு பிரேக் டைம் ஆச்சு."

வட்டத்திலிருந்த சாவியை எடுத்தாள். கையை மூடினாள். தட்டவில்லை, விரிக்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. மூடிய கையோடு ஊழியர் கதவு வழியாகப் போய்விட்டாள்.

டாயில் முன்வாசல் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"அவன் சீட்டைத் திறந்து பாரேன்," என்றார் எச்செவெரி.

"கூடாது, பெரியவரே. கவிழ்த்ததாத்தான் கணக்கு."

ராணி, ஆறு, நாலு என்று எழுதுவேன் என்றுதானே காத்திருக்கிறீர்கள்? நான் திறக்கவில்லை. சீட்டு மெஷினுக்குள் போய்விட்டது.

6.

மேஜை ஃபோன் அடித்தது. மேலே கேமரா அறை.

"உன் டீலர் கையைக் காட்டாமப் போறா. எதையோ எடுத்த மாதிரி இருக்கு."

"நான் பக்கத்துலதான் நிக்கறேன். கை காலி. என் கண்ணால பாத்தேன்," என்றேன்.

யாரையும் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவு அது. அந்தப் பொய்க்கு என் வேலை போயிருக்கும். போகவில்லை. கேமராவில் பதிந்த படத்தை முப்பது நாளில் அழித்துவிடுவார்கள்.

போன வாரம் வெர்னாவுக்கு ஃபோன் செய்து இதுவரை எழுதியதைச் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை சிரித்தாள்.

"முடிவு என்ன எழுதட்டும்?" என்றேன்.

"பாத்தியா, மறுபடியும் என்னையே கேக்கற!"

"சரி, நானே ஏதாவது..."

"ஒண்ணும் எழுதாத. பிரேக் இருபது நிமிஷம், அது என்னோடது. அதுல நடந்தது கம்பெனிக்கும் கிடையாது, உன் கதைக்கும் கிடையாது."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. சாவியை அவள் வாங்கியது, இனி அவன் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்றா, இல்லை வா, நானே திறந்துவிடுகிறேன் என்றா? அவன் சாவியை எந்த வட்டத்தில் வைத்தான் என்பதை நீங்கள் பார்த்தீர்கள், இரண்டாவது பந்தயம் வைப்பதற்கான கணக்கையும் இரண்டாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இருபத்தோராவது நிமிஷம் அவள் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மேஜைக்கு வரும்போது யாரும் கையைக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் என் எதிரில் நின்று, கூரைக்கு இல்லாமல் எனக்காக, தட்டினாள், விரித்தாள், இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். காலி.

சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு தடவை கேட்டதே அதிகம்.