வேலைக்குப் போன நிழல்

கழுதை செத்த மறுநாள் காலையில் அதன் நிழல் மட்டும் வழக்கம்போல வேலைக்கு வந்தது. ஆற்றோரச் சலவைக்கடை வாசலில், எப்போதும் நிற்கும் இடத்திலேயே, காதைத் தொங்கப்போட்டபடி தரையில் கிடந்தது. அழுது வீங்கிய கண்ணோடு வெளியே வந்த சலவைக்காரி, கைப்பழக்கத்தில் ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டாள். மூட்டை விழவில்லை. கழுதையின் முதுகு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பிறகு மேட்டுத் தெருவைப் பார்த்து மெல்ல ஆடி ஆடிப் புறப்பட்டது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணி, மூட்டை தானா போகுது!" என்று கத்தினாள். "தானா எங்கடி போகுது? கீழே பாரு, அதுதான் வந்திருக்கு" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சலவைக்காரி பின்னால் நடந்தாள்.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அன்றைக்குத் தக்காளி விலை ஏறியிருந்ததால் கடைத்தெருவில் பேச்சு அதைப் பற்றியே இருந்தது. வெயில் அடித்தால் நிழல் வரும்; மேகம் மூடினால் அதற்கு விடுப்பு. காலையில் நீண்டு கிடக்கும்போது போர்வை, திரைச்சீலை என்று கனமானவற்றை ஏற்றலாம். உச்சிவெயிலில் குட்டையாகிவிடும் என்பதால் தலையணை உறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களும் விடுதிக்காரரும் இதற்குத் தகுந்தபடி துணி போடப் பழகிக்கொண்டார்கள். சலவைக்காரிக்கு முழங்கால் தேய்ந்து பல வருடமாகிவிட்டது. மேட்டில் வெறுங்கையோடு ஏறுவதே அவளுக்குப் பெரும்பாடு. நிழல் வரவில்லை என்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்பது அவளுக்கும் தெரியும், நிழலுக்கும் தெரியும்.

உயிரோடு இருந்த காலத்திலேயே அந்தக் கழுதை பெயர்பெற்றது. ஒரு மழைக்காலத்தில் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்குக் குறுக்கே தெருவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. திட்டினார்கள், வாலை முறுக்கினார்கள், தயிர்க்காரர் குடையாலேயே குத்தினார். அவர்கள் குத்திக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து சந்தைத்திடலை மூடியது. அன்றிலிருந்து ஊரில் ஒரு சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. பரீட்சையில் முதலாவதாக வந்த பெண்ணைத் தகப்பன் கட்டிக்கொண்டு, "என் கழுதையே!" என்று கண்கலங்கினான். மருமகனைப் பற்றி மாமியார் "தங்கமான கழுதை" என்றால் சம்பந்தி வீட்டார் மனம் குளிர்ந்தார்கள். திட்டுவதற்கு வேறு சொற்களைத் தேட வேண்டியிருந்தது. பெரும்பாலும் தயிர்க்காரர் பெயரே பயன்பட்டது.

கழுதைக்குச் சிலை வைப்பதென்று முடிவானபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வெளியூரிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்தார்கள். கறாரான மனிதர். திறப்பு நாள்வரை யாரும் பார்க்கக் கூடாதென்று நாற்சந்தியில் துணிகட்டி மறைத்துக்கொண்டு வேலை செய்தார். துணி விலகியபோது ஊரே மூச்சடைத்துப்போனது. ஊரார் சொல்லக் கேட்டுச் செதுக்கியதுதான் என்றாலும் காதுமடல், கண்ணோரச் சுருக்கம், எல்லாம் அதேதான். முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிற்றைப் புரி புரியாகச் செதுக்கியிருந்தார். தொட்டவர்கள் விரலில் நார் குத்தியதாகச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். நம்ம சிற்பி ஐயா மாதிரி ஒரு கழுதையை என் ஆயுசுல பார்த்ததில்லை!" என்றார். கைதட்டல் ஆற்றங்கரைவரை கேட்டது. சிற்பி முகம் வெளுத்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே இருந்த விடுதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே நேரத்தில் நிழல் மூட்டையோடு மேடேறி வந்தது. சிலையடிக்கு வந்ததும் அங்கே விழுந்திருந்த சிலையின் நிழலோடு காதுக்குக் காது, காலுக்குக் கால் பொருந்தி ஒன்றாகிவிட்டது. மூட்டை பொத்தென்று கீழே விழுந்தது. அதன் பிறகு நிழல் நகரவில்லை.

ஊருக்கு ஆனந்தம். "சிலை வந்ததும் அதுவும் வந்து சேர்ந்துடுச்சு பாருங்க!" என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். தலைவர் சலவைக்காரியைச் சமாதானப்படுத்தினார். "எத்தனை காலம் உழைச்சுதும்மா! இனி ஓய்வெடுக்கட்டும்." அவளும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். நாத்தனார் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறிப் பார்த்தாள். பாதி வழியில் உட்கார்ந்து, "அண்ணி, ஊரெல்லாம் கழுதை கழுதைன்னு புகழுது. ஆனா கழுதையா இருக்கிறது ரொம்பக் கஷ்டம்" என்றாள். மூட்டைகள் கடையிலேயே தேங்கின. ஆஸ்பத்திரி வேறு ஆள் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பியது. அதைவிடச் சலவைக்காரியின் மனதை அறுத்தது வேறொன்று. காலையில் வெயில் விழுந்ததும் நிழலின் முன்னங்கால் ஒருமுறை உதறும், பிறகு தடுக்கி நின்றுவிடும். ஓய்வெடுக்கிற கால் அப்படி உதறாது.

பாலம் பழுது பார்ப்பதால் பஸ் வரவில்லை. சிற்பி விடுதியிலேயே அடைந்துகிடந்தார். படுக்கை விரிப்பு மாற்றாமல் நாறத் தொடங்கியது. விடுதிக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட ஜன்னலைத் திறந்தவர், சிலையடியில் ஒரு பெண் முழங்காலை நீட்டி உட்கார்ந்து தரையை நகத்தால் கீறிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவருக்குக் கோபம் வந்தது. இறங்கிப் போனார். "என்னம்மா பண்றீங்க அங்கே?"

"கட்டை அவிழ்க்கப் பார்க்கிறேங்கய்யா" என்றாள் அவள், நிமிராமல். "முடிச்சு ரொம்ப இறுக்கமா இருக்கு. எங்க கழுதை காலில் ஒருநாளும் கயிறு பட்டதில்லை. அதுக்கு எப்படி நடக்கிறதுன்னே தெரியலை."

சிற்பி குனிந்து பார்த்தார். தரையில் நிழலின் கால்களுக்கு நடுவே கயிற்றின் நிழல், புரி புரியாக. அவர் அதுவரை பார்த்த கழுதைகளெல்லாம் மேயும்போது கால்கட்டோடுதான் நின்றன. கட்டில்லாத கழுதை உண்டென்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கயிறுதான் அவர் வாழ்நாளில் செதுக்கியவற்றிலேயே நேர்த்தியானது. கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய நகத்தில் இரத்தம் கசிவதைப் பார்த்ததும் அறைக்குப் போய் உளியோடு வந்தார். தலைவர் ஓடிவந்து, "ஐயா, ஐயா, சிலைக்கு நிழல் போயிடும்!" என்று கையைப் பிடித்தார். சிற்பி கையை விடுவித்துக்கொண்டு சிலையின் கயிற்றில் உளியை இறக்கினார். கயிறு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

நிழல் காலை ஒருமுறை உதறியது. இம்முறை தடுக்கவில்லை. சிலையைவிட்டுக் கழன்று, மேட்டுத் தெருவில் இறங்கி, வளைவில் ஒரு பையனைப் போல ஓடியது. சலவைக்காரி சிற்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க கழுதைங்கய்யா... சுத்தமான கழுதை" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்குப் புரிந்தது. அவர் வாழ்ந்த காலம்வரை சொந்த ஊரில் யார் அப்படித் திட்டினாலும் நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்றும் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து, வெயிலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்சந்தியில் யாரையாவது கேட்பார்கள்: இதற்கு மட்டும் ஏன் நிழல் விழவில்லை? கேட்கப்பட்டவர் தன் வேலையை நிறுத்தாமலே சொல்வார்: "வேலைக்குப் போயிருக்குங்க. சாயங்காலம் வந்துடும்."