பக்கத்துக் கிரைண்டர்

அண்ணன்காரனுக்குச் சில மாதங்களாக வயிற்றெரிச்சல். காபிக்கடையில் வேலை பார்ப்பதால் அசிடிட்டி என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். உண்மையான காரணம் பக்கத்து மெஷினில் நின்றுகொண்டிருந்தது.

சித்தி மகளை அந்தக் கடையில் சேர்த்துவிட்டதே அவன்தான். வந்தவள் முதலில் கப் கழுவினாள். பிறகு பாலை நுரைக்கக் கற்றாள். பிறகு அந்தப் பாலில் அன்னம் வரைந்தாள். அண்ணன்காரன் வருடக்கணக்கில் வரைந்துவந்த இதயத்தைப் பார்த்து, "இது உருளைக்கிழங்கா?" என்று கேட்ட அதே வாடிக்கையாளர்கள், அவளுடைய அன்னத்தைக் காபி ஆறிப்போகும் வரை ஃபோட்டோ எடுத்தார்கள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை.

"சித்தி ஃபோன் பண்ணினாடா. உன் தங்கச்சி ஒரு வாய் குடிச்சே இது எந்த மலையில விளைஞ்சதுன்னு சொல்றாளாமே?"

"பையில எழுதியிருக்கும்மா. படிச்சிருப்பா."

"நீயும் படிக்க வேண்டியதுதானே?"

கடை முதலாளிக்கு 'மூக்கு' என்று பெயர். எதையும் முகர்ந்து பார்த்த பிறகே நம்புவார், வேலை கேட்டு வருபவரின் பயோடேட்டா உட்பட. பாரிஸ்டா எனப்படும் காபி போடுகிறவர்களுக்கான பெரிய போட்டிக்குக் கடையிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மேடையில் ஏறும்போது கட்டிக்கொள்ள அண்ணன்காரன் ஒரு தோல் ஏப்ரன் வாங்கி, கண்ணாடி முன்னால் கட்டியும் பார்த்திருந்தான்.

"கடைய மூடுறப்ப அவங்கவங்க கிரைண்டர செட் பண்ணிட்டுப் போங்க. காலைல இறக்குற முதல் ஷாட் காபிதான் பரிட்சை. வளையத்தக் கடைசி நிமிஷத்துல கூடத் திருப்பிக்கலாம், ஆனா ட்ரையல் கிடையாது" என்றார் மூக்கு.

காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரின் கழுத்தில் கோடு போட்ட ஒரு வளையம் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் தூள் நைசாகி, தண்ணீர் இறங்க முடியாமல் திணறி, காபி கசக்கும். மறுபக்கம் திருப்பினால் தூள் கரகரப்பாகி, தண்ணீர் விட்டால் போதும் என்று ஓடிவிடும், காபி புளிக்கும். நடுவில் மயிரிழை அளவுக்கு ஓர் இடம் உண்டு. அதைத் தேடித்தான் பாரிஸ்டாக்கள் சம்பளத்தை மறந்து உழைக்கிறார்கள்.

காலையில் கடையைத் திறந்தது அண்ணன்காரன். துணியை எடுத்துத் தங்கையின் கிரைண்டரைத் துடைத்தான். துடைத்த வாக்கில் வளையத்தை இரண்டு கோடு நைசுப் பக்கம் தள்ளினான். தானே செட் பண்ணிவிட்டுப் போனதை அவள் எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறாள்? யாரும் கவனிக்காவிட்டாலும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை துடைத்தான்.

அவள் வந்தாள். மூக்கும் வந்தார், கையில் ஒரு புதுப் பையோடு. இரண்டு கிரைண்டரிலும் காபி பீன்ஸைக் கொட்டினார். நேற்று வரை இருந்தது கறுகறுவென்று வறுத்த பீன்ஸ். இது வெளிர் வறுவல். வெளிர் பீன்ஸ் கெட்டியானது, இன்னும் நைசாக அரைத்தால்தான் சரிவரும். கப் கழுவுகிறவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அண்ணன்காரனின் கண் தன் பீன்ஸில் இல்லை, அவள் வளையத்தில் இருந்தது.

அவன் ஷாட் குழாயைத் திறந்துவிட்டது போல ஓடியது. மூக்கு ஒரு வாய் குடித்தார். புளித்த முகத்தோடு கப்பைக் கீழே வைத்தார்.

அடுத்து அவள். கை வளையத்துக்குப் போனது, நின்றது. கோட்டைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். காபி எலிவால் போல மெல்லிசாக இறங்கியது.

மூக்கு கண்ணை மூடிக் குடித்தார். "எப்படிம்மா கரெக்டா நைசாக்கின?"

"நான் தொடவே இல்ல சார். அண்ணன் பண்ணது."

அண்ணன்காரன் துணியை எடுத்துத் தன் கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நீங்க பீன்ஸ மாத்துவீங்கன்னு எப்படியோ யூகிச்சு, எனக்கு மட்டும் மாத்தி வெச்சிருக்காரு. தன்னோடத அப்படியே விட்டுட்டாரு பாருங்க."

மூக்கின் மூக்கு சிவந்தது. "நீயாப்பா?"

இல்லை என்றால் யார், எதற்கு என்று கேள்வி வரும். ஆமாம் என்றால் தியாகி.

"ஏதோ... தோணுச்சு சார்."

மூக்கு அவன் தோளைத் தட்டினார். "போட்டிக்கு நீ போம்மா" என்றார் அவளிடம்.

"அண்ணன் கூட வரணும் சார். சாமான் தூக்க ஆள் வேணும்ல?"

"தாராளமா!" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்க உள்ளே போனார்.

அவள் கப்பை அலசிக்கொண்டே சொன்னாள்: "அண்ணா, இன்னும் ரெண்டு கோடு தள்ளியிருந்தா ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. கெடுக்கிறதுல கூட உனக்கு அளவு தெரியல."

"தெரியுமா உனக்கு?"

"கோட்டப் பாத்ததுமே தெரிஞ்சுது. அப்புறம் பீன்ஸோட கலரப் பாத்தேன். சரி, ஆசையா வெச்சிருக்க, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன்னத் துரத்திடுவாரு. அப்புறம் என் கிரைண்டர யாரு தூக்குவா? என்னா கனம்!"

அண்ணன்காரன் தூக்கிப் பார்த்தான். இந்த ஒரு விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை. அதுகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.