காரே அத்தையின் மேடு

தீவை இடஞ்சுழியாகச் சுற்றும் பேருந்தைத் தெரெமோவானா ஓட்டினாள். வலஞ்சுழியாகச் சுற்றும் பேருந்தில் ஏறினால் சொன்ன நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம். இவளுடையதில் ஏறுகிறவர்கள் அன்றைக்கு விமானம் உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டு ஏற வேண்டும். விமானம் வந்தால் ஓடுதளத்தின் மேற்குக் கோடியில் வண்டி நின்றுவிடும். இருக்கைக்கு அடியில் துண்டில் சுற்றி வைத்த கேமராவை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இறங்கிப் போய்விடுவாள். பயணிகளும் பழகிவிட்டார்கள். "இன்னைக்கு எது, ஆக்லாந்தா சிட்னியா?" என்று கேட்டுவிட்டு, சேப்பங்கிழங்கு மூட்டையில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள்.

படம் பிடிக்க இடமா இல்லை என்று கேட்கலாம். கடற்சுவர் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். ஜெட் கிளம்பும்போது வரும் காற்றில் தொப்பி பறக்க, சட்டை பறக்க, கீச்சென்று கத்திக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்வார்கள். கொடியில் காயப்போட்ட துணிக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் படங்களில் எல்லாம் இருக்கும், விமானம் மட்டும் வாலளவுக்கு ஒரு மூலையில் இருக்கும்.

தெரெமோவானா இருபது வருடமாக இடம் தேடியவள். மருத்துவமனை மேட்டிலிருந்து பார்த்தால் ஓடுதளம் முழுக்கத் தெரியும், ஆனால் விமானம் பொம்மையாகிவிடும், வெயிலும் எதிரே வந்து கண்ணில் அடிக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் பக்கத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறவன், அவன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டுமென்றால் கடல் பக்கம்தான் நிற்க வேண்டும். அதற்காக நீர் வற்றிய நேரத்தில் பவளத்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்திருக்கிறாள். படம் நன்றாக வந்தது. கேமரா போய்விட்டது.

கடைசியில் அவளுக்குக் கிடைத்த இடம் சொந்த அத்தையின் கல்லறை மேடு. சாலைக்கும் கடலுக்கும் நடுவே, ஓடுதளக் கோடிக்கு நேரே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பவளமண் திடல். மாலையில் அங்கே நின்றால் வெயில் முதுகில் விழும். கடலிலிருந்து தாழ வரும் விமானம் கைக்கெட்டும் தூரத்தில் கடக்கும். பின்னால் பச்சை மலைகள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். தீவில் அதைப் போல இன்னோர் இடம் கிடையாது.

அத்தையே விரும்பிக் கேட்டு வாங்கிய இடம் அது. ஓடுதளம் நீண்டபோது அவளுடைய சேம்பு வயல் அதற்குள் போனது. அன்றிலிருந்து யார் எது கேட்டாலும் அவள் வாயில் வந்தது ஒரே சொல்தான்: காரே. எங்கள் பேச்சில் இல்லை என்பதும் அதுதான், மாட்டேன் என்பதும் அதுதான். நாளடைவில் அதுவே அவள் பெயரும் ஆயிற்று. சாகும்போது, "என்னை அந்தக் கோடியிலயே வையுங்க. இன்னும் ஒரு அடி நகருதான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். வைத்தார்கள். சிமெண்ட் பாளமும் போட்டார்கள்.

பெயர்க்கல்தான் வைக்கவில்லை. கல் ஆக்லாந்திலிருந்து கப்பலில் வந்தே ஆறு வருடமாகிறது. பளபளவென்று கறுப்புக் கல். என்ன பெயர் எழுதுவது என்பதில் குடும்பம் இரண்டாகிவிட்டது. சபைப் பெண்களுக்குத் தலைவியான ருத்தா அக்கா ஞானஸ்நானப் பெயரான எலிசபெதா என்றாள். மற்றவர்கள் குலப் பெயர் என்றார்கள். கூட்டம் கூடும், சாப்பிடும், சண்டை போடும், கலையும். கல் தெரெமோவானாவின் கொல்லையில் கிடந்தது. மீன் அறுக்க வசதியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

இந்த லட்சணத்தில்தான் பக்கத்து மனையைக் குத்தகைக்கு எடுத்து 'நீலத்திட்டு' என்று ஒரு விடுதி வந்தது. குத்தகையில் மேடு சேரவில்லை, சேரவும் முடியாது. ஆனால் பெயரில்லாத சிமெண்ட் பாளத்தைப் பார்த்தவர்கள், போர்க்காலத்தில் பீரங்கி வைக்கப் போட்ட தளம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சுற்றிலும் மரத்தளம் அடித்தார்கள். பாளத்தின் மேல் மெத்தையும் நாற்காலியும் போட்டார்கள். மேட்டுக்குப் போகும் வழியையும் விடுதி வாசலுக்குள் அடைத்துவிட்டார்கள். விமானம் பார்க்கும் மாடமாம், விருந்தினருக்கு மட்டுமாம்.

அந்த வெள்ளிக்கிழமை தெரெமோவானாவுக்கு ஒரு செய்தி வந்தது. எரிபொருள் வண்டி ஓட்டும் நண்பன் பேருந்தை மறித்துச் சொன்னான். பழைய டகோட்டா விமானம் ஒன்று, இரண்டு விசிறியும் வாலுக்கடியில் சின்னச் சக்கரமுமாக, தீவுக்குத் தீவு தாவி அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகிறது. நாளை மாலை இங்கே இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ளும். அதோடு சரி, இனி அது இந்தப் பக்கம் வராது. பறக்கவே போவதில்லை.

அவள் நேரே மேட்டுக்குப் போனாள். விடுதி வாசலில் காவல் சீருடையில் நின்றது அவள் சித்தப்பா மகன் தாவிதா. கதவை அடைக்க அவன் ஒருவன் நின்றாலே போதும், அவ்வளவு பெரிய உடம்பு.

"அக்கா, வேணாம். உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"யாரை? என்னையா?"

"விருந்தாளி இல்லாத யாரையும்."

"உன் அத்தை நெஞ்சு மேல நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். நீ அதுக்குக் காவல் நிக்கறே. வெக்கமா இல்லையாடா உனக்கு?"

"இருக்கு," என்றான் தாவிதா, தலையைக் குனிந்துகொண்டு. "சம்பளமும் இருக்கே அக்கா."

சத்தம் கேட்டு மேலாளர் கிரஹாம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும். புன்னகையோடு கேட்டார், புன்னகையோடு பதில் சொன்னார்.

"கல்லறைன்னு சொல்றீங்க. நான் மறுக்கல. ஆனா ஒரு பேர் இல்ல, கல் இல்ல. யாருடையதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வர்ற வாரம் உக்காந்து பேசலாமே. நாளைக்கு இங்க விருந்து வெச்சிருக்கேன், அந்தப் பழைய விமானத்துக்காகவே."

"வர்ற வாரம் அது எனக்காகத் திரும்பி வருமா?"

"வருத்தமாத்தான் இருக்கு," என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

தெரெமோவானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேர் இல்லை, கல் இல்லை என்று அவர் சொன்னது தைத்தது, ஏனென்றால் அது உண்மை. ஆறு வருடமாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்த ஆளை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒன்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. டகோட்டா வரும் நாளில் மேட்டுக்கு வெளியே நின்றால், அப்புறம் என்றைக்கும் வெளியேதான் நிற்க வேண்டும். பேசலாம் பேசலாம் என்றே மேடு போய்விடும்.

வீட்டுக்குப் போனாள். கல்லில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் தேய்த்துக் கழுவினாள். படகுக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தைத் திறந்தாள். யாரையும் கேட்கவில்லை. பட்டையாக, பெரிதாக, தூரத்திலிருந்து தெரியும்படி எழுதினாள்.

சனிக்கிழமை காலை முதல் சுற்றில் ஏறியவர்களிடமெல்லாம், "இன்னைக்குச் சாயங்காலம் காரே அத்தைக்குக் கல் திறக்கறோம்" என்றாள். அவ்வளவுதான். கல் திறப்பு என்றால் இங்கே கேள்வி கேட்கிறவர் கிடையாது. மூடிய கல்லின் மேலிருந்து போர்வையை எடுக்கும்போது சொந்தம் முழுக்க நிற்க வேண்டும். நிற்காதவன் பெயர் வருடக்கணக்கில் நாறும். இரண்டாம் சுற்றில் ஏறியவர்கள் கையில் பானையோடு ஏறினார்கள். ஒருத்தி பீட்ரூட் கலந்த சிவப்பு உருளைக்கிழங்கு சாலட்டை மடியில் வைத்துக்கொண்டாள். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலை வாசனை வண்டி முழுக்க அடித்தது. கடைசிச் சுற்றில் போதகர் இயோபாவும், மலர்க்கிரீடம் சூடிய சபைப் பெண்களும், துணியில் பூக்கள் வெட்டித் தைத்த திவைவைப் போர்வையை மடித்து நெஞ்சோடு அணைத்தபடி ருத்தா அக்காவும் ஏறினார்கள். இந்த நாளுக்கென்றே ருத்தா ஆறு வருடத்துக்கு முன்பே தைத்து வைத்த போர்வை அது.

"கல்லுல என்ன பேர் எழுதியிருக்கே?" என்று ருத்தா கேட்டாள்.

"போர்வையை எடுக்கும்போது பாத்துக்க."

"அடியே, ஞானஸ்நானப் பேர் இருக்கா இல்லையா?"

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. வேணும்னா நீ எழுதிக்க."

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். ருத்தா சிரிக்கவில்லை, இறங்கியும் போகவில்லை.

விடுதி வாசலில் பேருந்து நின்றது. வரிசையாக இறங்கியவர்களைத் தாவிதா பார்த்தான். பானைகள், பூக்கள், போதகர். கடைசியாக நாலு பையன்கள் பின்கதவு வழியாகக் கல்லை இறக்க முடியாமல் திணறுவதையும் பார்த்தான்.

"உன்னால ஆகுமா, இல்ல சீருடை கசங்கிடுமா?" என்றாள் தெரெமோவானா.

அவன் தொப்பியைக் கழற்றி வாசல் கம்பத்தில் மாட்டினான். கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தான் அடைத்து வைத்திருந்த கதவைத் தானே காலால் தள்ளித் திறந்துகொண்டு நடந்தான். அதைப் பார்த்ததும் தெரெமோவானாவுக்குக் கண் கலங்கியது. திட்டிய வாய் அது, உடனே பாராட்டுமா? "பாத்துடா, போட்டுடாத" என்று மட்டும் சொன்னாள்.

மேட்டில் விருந்தினர்கள் கண்ணாடிக் குவளையோடு எழுந்து நின்றார்கள். பெண்கள் மெத்தைகளை எடுத்து ஒழுங்காக அடுக்கி ஓரமாக வைத்தார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள். கிரஹாம் ஓடி வந்தார். வாயைத் திறப்பதற்குள் போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். கிரஹாம் மரியாதை தெரிந்த மனிதர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். விருந்தினர்களும் குவளையைக் கீழே வைத்தார்கள்.

கல் பாளத்தின் தலைமாட்டில் நின்றது, திவைவையின் சிவப்புப் பூக்களுக்குள். பாட்டு எழுந்தது. பெண்கள் குரல் உச்சியில் ஏறியது. ஆண்கள் கீழே அடிவயிற்றிலிருந்து ஹும், ஹும் என்று தாளம் இடித்தார்கள். அந்த ஹும்முக்குள் இன்னொரு ஹும் கலந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெரெமோவானாவுக்குத் தெரிந்துவிட்டது. கடல் பக்கம் திரும்பினாள். திட்டுக்கு அப்பால், வெயிலில், இரண்டு விசிறிகள்.

அவள் அத்தையின் பக்கத்தில் பாளத்தின் மேல் மல்லாந்து படுத்துவிட்டாள். நல்ல உடுப்பு அழுக்காவதைப் பற்றி யாரோ ஏதோ சொன்னார்கள். கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

"ருத்தா அக்கா, எடு! இப்ப எடு!"

ருத்தா போர்வையை உருவினாள். வெள்ளை எழுத்தைப் பார்த்தாள். பாட்டு அவள் வாயிலேயே நின்றது. அதே நொடி டகோட்டா மேட்டைக் கடந்தது. வயிறு முழுக்க ஆணித் தழும்பு தெரியும் அளவுக்குத் தாழ்வாக, அவசரமே இல்லாமல் கடந்தது. தெரெமோவானா விரலை அழுத்தினாள். அழுத்தினாள். மலை இருந்தது, வெயில் இருந்தது, இரண்டு விசிறியும் இருந்தன, கீழே கறுப்புக் கல்லில் பெயரும் இருந்தது. சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டாள்.

படுத்தபடியே சிரித்தாள். "கெடச்சுதுடா!" என்று கத்தினாள். கல்லறையில் படுத்துக்கொண்டு அப்படிக் கத்துவது முறையில்லைதான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

ருத்தா இன்னும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எலிசபெதான்னு கூப்பிட்டா அவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டா," என்று முணுமுணுத்தாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து, விருந்தினர்கள் கையிலும் ஆளுக்கொரு தட்டு சேப்பிலை வந்த பிறகு, கிரஹாம் மெல்ல வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்குத் தெரியாது. நிஜமாவே தெரியாது. மன்னிச்சுக்கங்க."

"மன்னிச்சாச்சு. சாப்பிடுங்க," என்றாள் தெரெமோவானா.

அவர் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சாப்பிடவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? செலவெல்லாம் நாங்களே பாத்துக்கறோம். இன்னும் நல்ல இடமா, நிழலா... இவங்களை வேற இடத்துக்கு மாத்த குடும்பம் சம்மதிக்குமா?"

தாவிதா வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு, கையால் கல்லைக் காட்டினான்.

கிரஹாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். "காரே. இது இவங்க பேரா?"

"பேரும் அதான்," என்றான் தாவிதா. "பதிலும் அதான்."

அதற்கு என்ன அர்த்தமென்று கிரஹாம் கேட்கவில்லை. இந்தத் தீவில் கடை வைத்தவர், ஆள் வைத்தவர், வீட்டுக்கு ஓடு மாற்றச் சொன்னவர் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் அது.

"விமானம் பாக்கற மாடம்னு விளம்பரமே போட்டுட்டேன். வர்ற விருந்தாளிகளுக்கு நான் என்ன சொல்றது?"

தெரெமோவானா கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கல்லைப் பாத்துப் படிங்க," என்றாள். "சின்ன வார்த்தைதான், வாய் வலிக்காது."