டிரசர் என்றால் தையற்காரர்

காலையில் வேலைக்கு வந்த மருதமுத்துவின் மேசைமேல் மறுபடியும் ஒரு சிலுவார் கிடந்தது. காக்கித் துணியில் தைத்த முழுக்கால்சட்டை. இடது கெண்டைக்கால் பக்கம் தையல் விட்டிருந்தது. மேலே குத்தியிருந்த துண்டுக் காகிதத்தில், 'இடது கால் இறுக்குகிறது, கொஞ்சம் விட்டுத் தைக்கவும்' என்று மலாயில் எழுதியிருந்தது. குண்டு குண்டான அந்த எழுத்தை அவர் எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வார். மேசை என்று ஒன்றை எதற்குக் கொடுத்தார்கள்? ஊரிலுள்ள சிலுவார்களைக் கொண்டுவந்து குவிக்கவா? சுருட்டி ஜன்னல் கட்டைமேல் எறிந்தார். போன வாரம் எறிந்த சிலுவார்களும் அங்கேதான் கிடந்தன.

மருதமுத்து தையற்காரர் இல்லை. அவருக்குச் சட்டைப் பித்தான் வைக்கக்கூடத் தெரியாது. அதெல்லாம் வீட்டில் பொன்னம்மா பார்த்துக்கொள்வாள். அவர் டிரசர். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஆஸ்பத்திரி டிரசராக இருந்தவர். பெரிய டாக்டர் எப்போதாவது காரில் வந்து, ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரிலேயே போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும், கிழிந்த சதையைத் தைப்பதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், பாதி ராத்திரியில் பிள்ளை பிறந்தால் ஓடுவதும் டிரசர்தான். தோட்டத்தில் டிரசரய்யா என்றால் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட மனுஷனிடம் சிலுவாரை நீட்டினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவரை மலாக்காவுக்கு வரவழைத்தது காஜா பெராங்கில் வந்த யானைக்கால் ஆராய்ச்சி நிலையம். மலாயில் மதம் பிடித்த யானையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் யானைக்கால் ஆராய்ச்சியா என்று ஊரே சிரித்தது. அந்த நோயின் புழு பகலெல்லாம் உடம்புக்குள் ஒளிந்திருந்துவிட்டு, இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் வெளியே வரும். அதனால் ராத்திரியில் வீடு வீடாகப் போய், விரலில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். தூங்குகிறவனை எழுப்பி ஊசியால் குத்தினால் அடிக்க வருவான். அடிக்க வருகிறவனைச் சிரிக்க வைத்துக் குத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நிலையத்து வெள்ளைக்கார டாக்டர் தேடி, மருதமுத்துவைப் பிடித்தார்.

சொல்லப்போனால் அங்கே ஆராய்ச்சிக்கென்றே பிறந்து வந்தவர் யாருமில்லை. கணக்கு எழுதுகிற கிராணி ஜெயபாலன் ரயிலடியில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். கண்ணாடிக் குழாய் கழுவுகிற பூங்காவனம் காப்பிக்கடையில் குவளை கழுவியவள். கொசுவை அறுத்து வயிற்றில் புழு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிற ஏகாம்பரமோ, பண்டார் ஹிலிரில் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். கடிகாரத்துக்குப் பதில் கொசு, அவ்வளவுதான் என்பார். யாரும் யாரையும் கேட்காமல் வேலை அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மெர்டேக்கா வந்தது. சுதந்திரம் வந்ததில் மருதமுத்துவுக்கு ஒரு குறையுமில்லை, சந்தோஷம்தான். கூடவே கோலாலம்பூரிலிருந்து ஓர் உத்தரவும் வந்ததுதான் வினை. நிலையத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் இதற்குமுன் என்ன தொழில் பார்த்தார்கள் என்று மலாயில் எழுதி முன்கூடத்தில் பலகையாக மாட்ட வேண்டும். நகல் ஒன்றைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் யாரை நிரந்தரமாக்குவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிவிட்டார். எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மலாயில் அழகாக எழுதுகிறவர் ஏகாம்பரம்தான். அந்த வேலையை ஜெயபாலன் அவர் தலையில் கட்டினார். ஏகாம்பரம் கம்போங் செட்டிக்காரர். நெற்றியில் பட்டை விபூதி, கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார், பெயர் ஏகாம்பரம். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். செட்டிமார் வீட்டுப் பேச்சு தலைமுறை தலைமுறையாக அதுதான். சாமி பெயரையும் சொந்தக்காரர் முறையையும் தாண்டினால் தமிழ் அவரிடம் நின்றுவிடும். அவரும் மருதமுத்துவும் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நகராது.

ஏகாம்பரம் பலகைக்காகக் கேட்டு எழுத வந்த நேரம் நல்ல நேரமில்லை. முந்தின இரவு சுற்றியலைந்து கண்ணாடித் தகடுகளில் தடவி எடுத்து வந்த ரத்தத்தையெல்லாம் எறும்பு தின்றுவிட்டிருந்தது. எறும்பு ஏறாதபடி தட்டின் கால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் வைக்காமல் போனது யார் என்று மருதமுத்து கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் சாந்தமாக நின்றுகொண்டு கேட்டார். மருதமுத்துவை அவர் மலாயில் அண்ணன் முறைக்குப் பாங் என்றுதான் கூப்பிடுவார்.

"டிரசர் என்றால் என்ன, பாங்?"

"ஈக்காட். ஜாஹித். இதுகூடவா தெரியாது உனக்கு? போய் எழுது."

கட்டுவது, தைப்பது. அவ்வளவுதான் சொன்னார். எதைக் கட்டுவது, எதைத் தைப்பது என்று சொல்ல அவருக்கு அப்போது பொறுமையில்லை. ஏகாம்பரம் தலையை ஆட்டிக்கொண்டு போய், குண்டு குண்டான எழுத்தில் 'துக்காங் ஜாஹித்' என்று எழுதிவிட்டார். தையற்காரர் என்று அர்த்தம்.

பலகை மாட்டிய அன்றே முதல் சிலுவார் வந்து சேர்ந்தது. மருதமுத்து நேரே கிராணியிடம் போனார்.

"தம்பி, அதை அழிச்சு ஒழுங்கா எழுது."

"பலகையை அழிக்கலாம்ண்ணே. நகல் கோலாலம்பூருக்குப் போயிருச்சுலா. நான் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வச்சா என் வேலை போயிரும்."

"நான் டிரசர்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ண்ணே. கோலாலம்பூருக்குத் தெரியாதுல்ல."

இவனிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம் என்று ஏகாம்பரத்திடம் போனால், அவர் நிஜமாகவே முழித்தார். நீங்கள்தானே பாங் தைப்பது என்று சொன்னீர்கள் என்றார். அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது அவரே தன் சிலுவாரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுதினவனுக்கே டிரசர் என்றால் தையற்காரர் என்று ஊறிப்போய்விட்டதே என்று மருதமுத்துவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டில் பொன்னம்மாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"என்னன்னு எழுதினா என்னங்க? வேலை நிரந்தரம் ஆவுமா ஆவாதா, அதைச் சொல்லுங்க."

"நான் டிரசர்டி."

"தோட்டத்துல வேற டிரசர் வந்தாச்சு. அங்க திரும்பிப் போவ முடியாது. இந்த வேலையும் போச்சுன்னா இந்த வீடும் போச்சு. பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்? உங்க கோவத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டி வைங்க."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோலாலம்பூர் அதிகாரி இஞ்சே சாலே வந்த அன்று மருதமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நான் தையற்காரன் இல்லை, டிரசர், மனுஷரைத் தைத்தவன் என்று மலாயில் சொல்லிச் சொல்லி வாயைப் பழக்கி வைத்திருந்தார். கதவருகே போனதும் ஜெயபாலன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அண்ணே, உள்ள போயி டிரசர்னு மட்டும் சொல்லிறாதீங்க."

"ஏன்?"

"புது விதி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில படிச்ச சர்டிபிகேட் இல்லாத தோட்டத்து டிரசரை எடுக்க மாட்டாங்களாம். இப்பத்தான் வேற நிலையத்துல ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டு வந்திருக்காரு. தையக்காரருக்கு இங்க ஒரு இடம் இருக்கு. கொசுவலை, கோட்டு தைக்கிறது. அதுக்குச் சர்டிபிகேட் வேணாம். பலகையில அப்படித்தான இருக்கு? பேசாம வாங்கிக்குங்க."

"அப்ப நான் இத்தனை வருஷம் பாத்த வேலை?"

"அது தோட்டத்தோட போச்சுண்ணே," என்றார் ஜெயபாலன். சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார்.

நல்லா இருக்கிறது நியாயம். செய்யாத வேலைக்கு இடமுண்டு, செய்த வேலைக்கு இடமில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

இஞ்சே சாலே நல்ல மனிதராகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஜெயபாலன் பேனாவோடு உட்கார்ந்துகொண்டார். தைக்கத் தெரியுமா என்று அதிகாரி மலாயில் கேட்டார். பழக்கி வைத்த வாக்கியம் தொண்டை வரை வந்து நின்றது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவேன் என்று பொன்னம்மா கேட்டது அதற்கு முன்னால் வந்து நின்றது.

"தெரியும், துவான்."

அதிகாரி கிழிந்த கொசுவலை ஒன்றையும் ஊசி நூலையும் மேசைமேல் நகர்த்தினார். இதைத் தைத்துக் காட்டும் என்றார்.

தையற்காரர்கள் எப்படித் தைப்பார்கள் என்று மருதமுத்து எப்போது பார்த்தார்? கிழிசலின் இரண்டு விளிம்பையும் இடது கைவிரலால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார். ஊசியைக் குத்தி இழுத்தார். முடிச்சுப் போட்டார், நூலை வெட்டினார். கொஞ்சம் தள்ளி மறுபடி குத்தினார், முடிச்சுப் போட்டார், வெட்டினார். அவர் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நாலைந்து தையலுக்குப் பிறகு இன்டர்வியூ, அதிகாரி, பலகை எல்லாம் மறந்துபோயிற்று. பார்த்துக்கொண்டிருந்த ஜெயபாலனின் பேனா சட்டென்று நின்றது.

"ஆச்சு, ஆச்சு. வலிக்காது சாமி. இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று மருதமுத்து வலையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி கேட்டார்.

ஜெயபாலன் தொண்டையைச் செருமினார். "தையலை எண்ணுகிறார், துவான்."

மருதமுத்துவுக்குக் காது சூடேறியது. தலையை நிமிர்த்தாமல் கடைசி முடிச்சைப் போட்டு வெட்டினார். அதிகாரி வலையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏன் ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு என்று கேட்டார்.

"ஒன்று விட்டுப் போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும், துவான்."

அதிகாரி இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். வலை வேறோர் இடத்தில் கிழிந்தது. தையல் அசையவில்லை. "குவாட்," உறுதியான தையல் என்று மெச்சிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மருதமுத்து நிரந்தரத் தையற்காரர் ஆனார்.

வெளியே பலகைக்குக் கீழே ஏகாம்பரம் காத்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீர்களா பாங், நான் எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று."

அந்தக் கழுத்தை அப்படியே நெரித்துவிடலாம் போலிருந்தது மருதமுத்துவுக்கு. அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது உண்மை.

"தெரிமா காசே," என்றார். நன்றி சொல்லி முடித்தபோது வாய் கசந்தது.

இனி என்ன வீராப்பு வேண்டிக்கிடக்கிறது? தையற்காரன் என்றால் தைக்கத்தானே வேண்டும். விறுவிறுவென்று உள்ளே போய் ஜன்னல் கட்டையிலிருந்து காக்கிச் சிலுவாரை உருவி எடுத்தார். பின்னாலேயே வந்த ஏகாம்பரத்திடம் நீட்டினார்.

"போட்டுக்கொண்டு வா. அளவு எடுக்க வேண்டும்."

ஏகாம்பரம் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். மருதமுத்து முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது கால் தொளதொளவென்று இருந்தது. இடது கால் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் முணுமுணுப்பு நின்றது.

இடது கால் மட்டும்.

கீழ் ஓரத்தை மேலே சுருட்டினார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழிந்தது குழிந்தபடியே இருந்தது. சிறு வீக்கம்தான். பார்க்கத் தெரிந்தவன் பார்த்தால்தான் தெரியும். பார்க்கத் தெரிந்தவனோ, இடது கால் இறுக்குகிறது என்று எழுதியே கொடுத்திருந்ததை ஜன்னலில் எறிந்துவிட்டு, என்னைத் தையற்காரன் என்கிறானே என்று குதித்துக்கொண்டிருந்தான். மருதமுத்துவுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

"எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது?"

"மழைக்காலத்திலிருந்து இருக்கும், பாங். உட்கார்ந்தே வேலை செய்கிறேனே, அதனால்தான்."

"அறிவிருக்கிறதா உனக்கு? பொழுது விடிந்தால் கொசு வயிற்றை அறுத்து அறுத்து யானைக்கால் புழுவைப் பார்க்கிறவன், சொந்தக் காலைப் பார்க்க மாட்டாயா? காலைக் காட்ட வேண்டியதுதானே, சிலுவாரையா கொண்டுவந்து காட்டுவாய்?"

ஏகாம்பரம் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தக் குழி இன்னும் மேலெழவில்லை. சிரிப்பு போய்விட்டது. மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"பாங்," என்றார்.

"பயப்படாதே. இது ஆரம்பம்தான். இப்போதே மாத்திரை போட்டால் நின்றுவிடும்." கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பேசுகிற குரல் வந்துவிட்டிருந்தது. "முதலில் ரத்தம் பார்க்க வேண்டும். இன்றைக்கு இருட்டினதும் வீட்டிலேயே இரு. ஊசி, தகடு எல்லாம் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்."

ஏகாம்பரம் முன்கூடத்துப் பலகை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் இப்போது தையற்காரர், பாங். ரத்தம் எடுக்க உங்களை விடமாட்டார்களே. யாராவது கேட்டால்?"

மருதமுத்து சிலுவார் ஓரத்தை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

"சிலுவாருக்கு அளவு எடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்."