நாற்பத்து மூன்றாவது சீட்டு

"நாப்பத்திரண்டு பேருக்குப் பயிற்சி. நாப்பத்து மூணு கருத்துச் சீட்டு. எப்படி?"

பயிற்சி மையத்தின் இயக்குநர் கேட்டார். கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிட்டார். "நீங்களே ஒண்ணு எழுதிச் சொருகியிருக்கீங்க. வேற எப்படி?"

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மேடம் முழித்தார். வயது ஐம்பத்தொன்று. ஆசிரியர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர், 'நாற்காலி மேடம்'. "உங்க வகுப்புல இருக்கிற ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. அங்கேருந்து நீங்க எப்படித் தெரியறீங்கன்னு அப்பத்தான் புரியும்" என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார். சொன்னதைச் செய்தும் காட்டுவார்.

பயிற்சி முடிந்ததும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு சீட்டில், பெயர் போடாமல், கருத்து எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். புதிதாக வந்த கிளார்க் ஒன்பது வருடச் சீட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தொலைத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் ஒரு சீட்டு அதிகம்.

"சாயங்காலம் நாலு மணிக்கு விளக்கம் வேணும். இல்லன்னா நாளையிலேருந்து நீங்க பதிவேட்டு அறை. பயிற்சிக்கு வேற ஆள்."

பதிவேட்டு அறையில் ஆசிரியர்கள் இல்லை, கேள்விகள் இல்லை. தூசியும் கரையானும்தான். இந்த வேலை போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். பயந்து போய் யோசிப்பதை நிறுத்தினார்.

எந்தச் சீட்டு அதிகப்படி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. 'மிக அருமை', 'பயனுள்ளதாக இருந்தது', 'சாப்பாட்டு இடைவேளையைக் கூட்டலாம்' என்ற சீட்டுகளுக்கு நடுவே, பென்சிலில், நெட்டுக்குத்தாக நிற்கும் எழுத்தில் ஒன்று வரும்.

'கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள். யோசிக்க விடுங்கள்.'

அன்றிலிருந்துதான் மேடம் கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ண ஆரம்பித்தார்.

'அந்த ஜோக்கைப் போன வாரமும் சொன்னீர்கள். சிரித்தது மரியாதைக்காக.'

'பெரிய அதிகாரி உள்ளே வந்தால் உங்கள் குரல் மாறுகிறது.'

இந்தக் கடைசிச் சீட்டை மேடம் இரண்டு நாள் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள் குரலை மாற்றிக்கொண்டார். இல்லை, மாற்றாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

சாயங்காலம் ஜீப்பில் வீடு திரும்பும்போது சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். பென்சில் சீட்டு வந்ததும் குரல் உயரும். "யாருண்ணே இந்த மகராசன்? என் உசிரை வாங்கவே பொறந்திருக்கான்!"

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். "வயித்தெரிச்சல் புடிச்சவன், மேடம். விடுங்க."

ஒன்பது வருடமாக அதே கேள்வி, அதே பதில்.

அன்றைய பயிற்சி பத்து மணிக்குத் தொடங்கியது. மேடம் நாற்பத்திரண்டு முகங்களையும் துப்பறியும் கண்ணால் பார்த்தார். பிரயோஜனமில்லை. ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு செட் மாறுகிறார்கள். பென்சில்காரன் மட்டும் மாறவில்லை. அப்படியென்றால் அவன் ஆசிரியனே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கணவருக்குப் போன் செய்தார்.

"ஏங்க, நீங்க ஏதாவது சீட்டுக் கீட்டு எழுதிப் போட்டீங்களா?"

"நானா? எனக்குச் சொல்ல வேண்டியது ஒரு சீட்டுல அடங்காதேம்மா."

"விளையாடாதீங்க. வேலையே போயிடும் போல இருக்கு."

"இருபத்தாறு வருஷமா நான் குறை சொல்றேன், ஒண்ணையாவது காதுல வாங்கினியா? எவனோ ஒருத்தன் பென்சில்ல எழுதினா மறுநாளே மாத்திக்கிற. ஆளைக் கண்டுபிடிச்சா என்கிட்ட அனுப்பு. தொழில் கத்துக்கறேன்."

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த கையோடு பயமும் வந்தது. மணி ஒன்றே முக்கால்.

அப்போதுதான் பொறி தட்டியது. இந்த மாதம் மட்டும் மூன்று முறை ஒரே புகார்: 'பலகையின் இடது பாதி தெரியவில்லை.' மேடம் இரண்டு தடவை பலகையை நகர்த்திப் பார்த்துவிட்டார். புகார் நின்றபாடில்லை.

இரண்டரை மணிக்கு ஒரு கேள்வியைப் பலகையில் எழுதி, ஆசிரியர்களைக் குழுவாகப் பேசச் சொன்னார். பிறகு முதல் வரிசை முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது பாதி தெரிந்தது. அடுத்த நாற்காலி. தெரிந்தது.

"மேடம் ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று ஒரு கணக்கு ஆசிரியை எழுந்து இடம் விட்டார்.

ஏழாவது வரிசை வரை உட்கார்ந்து எழுந்தார். எல்லா நாற்காலியிலிருந்தும் பலகை முழுசாகத் தெரிந்தது.

ஆக, அவன் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை!

மேடம் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில், சென்ற மாதம் கொண்டுவந்து வைத்த இரும்பு பீரோ. அதையொட்டி ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் நின்று பார்த்தால் பலகையின் இடது பாதியை பீரோ மறைக்கும். அந்த ஜன்னலில் மட்டும்தான்.

பூனை நடை நடந்து பீரோவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

வெளியே, ஜீப்பின் ஸ்டெப்னி டயரைச் சுவரோரம் படுக்கப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார் டிரைவர். கையில் சீட்டு. காதில் பென்சில்.

"அண்ணே!"

டிரைவர் ஆடிப்போனார். ஆனால் வாய் ஆடவில்லை. "என்ன மேடம், கேள்வியைக் கேட்டுட்டு பாதியிலயே எழுந்து வந்துட்டீங்க?"

மேடம் தினமும் கையெழுத்துப் போடும் வண்டி லாக் புக்கில் டிரைவர் எழுதி அவர் பார்த்தது கிலோமீட்டர் எண்களை மட்டும்தான். எழுத்தைப் பார்த்ததே இல்லை.

"ஏண்ணே? ஒன்பது வருஷமா?"

"சீட்டுக்கட்டை ஜெராக்ஸ் எடுக்கிறது நான்தானே மேடம். ஒண்ணு கூடுதலா எடுப்பேன். பெட்டியை வண்டியில ஏத்தும்போது போட்டுடுவேன்."

"எப்படின்னு கேக்கல. ஏன்னு கேட்டேன்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். மேடத்துக்கு வேறொன்று உறைத்தது. வண்டியை விட்டு நகரும் டிரைவருக்கு மெமோ உண்டு. இயக்குநருக்குத் தெரிந்தால் மனுஷனைச் சாமான் லாரிக்கு மாற்றிவிடுவார்.

"நீங்க வண்டியிலயே இருங்கண்ணே. நாலு மணிக்கு நான் பேசிக்கறேன். இயக்குநர் ரூம் பக்கமே வரக் கூடாது, ஆமா."

நாலு மணி. இயக்குநர் மேசையில் பென்சில் சீட்டுகள் குவிந்து கிடந்தன.

"சொல்லுங்க."

"நான்தான் எழுதினேன் சார்."

இயக்குநர் ஒரு சீட்டை எடுத்தார். "'இன்றைய பயிற்சியில் பிற்பகல் வெறும் ஒப்பேற்றல்.' இதையா? உங்களைப் பத்தி நீங்களே?"

"ஆ... ஆமா சார்."

"அது நான் எழுதினது, சார்."

வாசலில் டிரைவர். கையில் லாக் புக். வண்டியிலயே இருங்கள் என்று சொன்னால் கேட்கிற ஜாதியா!

இயக்குநர் எழுந்துவிட்டார். "நீயா? வண்டியை விட்டு எதுக்குப் போனே? யாரைக் கேட்டு எழுதினே? என்ன லாபம் உனக்கு?"

"வண்டியை விட்டு எங்கயும் போகல சார். ஸ்டெப்னி மேலதான் நின்னுட்டிருந்தேன்."

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர் வாய் திறக்கவில்லை. மேடம் தன்னையறியாமல் மனதுக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு. இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையை லேசாக உயர்த்த, என்ன தோன்றியதோ, நிறுத்திக்கொண்டார். மூன்று. நான்கு. ஐந்து.

"எல்லாரும் அருமைன்னு எழுதினா, மேடம் வீடு போற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, சார். மூஞ்சி தொங்கிடும். யாராச்சும் உண்மையை எழுதிட்டா போச்சு, வழி பூரா திட்டிக்கிட்டே வருவாங்க. மறுநாள் அதை மாத்திச் செய்வாங்க. ஜன்னல்லேருந்து பார்த்தா அது தெரியும். அவ்வளவு நல்லா இருக்கும் சார் பார்க்க."

இயக்குநர் உட்கார்ந்தார். சீட்டுகளைப் புரட்டினார். ஒன்றில் அவர் கண் நின்றது. 'பெரிய அதிகாரி உள்ளே வந்தால்...' அதைப் பார்க்காதது போல அடியில் சொருகினார்.

"இனிமே நீ ஜன்னல்ல நிக்கக் கூடாது."

"சரிங்க சார்."

"உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்காரு. வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடு. அப்பத்தான் எண்ணிக்கை சரியா வரும்." மேடத்தைப் பார்த்தார். "போங்க. நாளைக்குப் பயிற்சி இருக்குல்ல?"

ஜீப் கிளம்பியது. சிக்னலைத் தாண்டியது. மேடம் அன்றைய சீட்டுப் பெட்டியைத் திறந்தார். மேலேயே கிடந்தது பென்சில் சீட்டு. சத்தமாகப் படித்தார்.

"'மேடத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. குரல் காட்டிக்கொடுக்கிறது. இனி முயற்சி செய்ய வேண்டாம்.'"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"யாருண்ணே இந்த மகராசன்?"

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வயித்தெரிச்சல் புடிச்சவன், மேடம். விடுங்க."